எடைக்குப் போடுமுன் எங்களைக் கேளுங்கள்

அண்ணாகிராமம் ஒன்றியத்திலும் பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமும் லேத் பட்டறை நடத்துகிறவர்களுக்கும், நடத்தி ஓய்ந்தவர்களுக்கும், வீட்டுக் கொட்டகையில் பழைய மில்லிங் மெஷின் ஒன்றை இறக்கிவிட்டு அதற்கு ஆர்பர் தேடி அலைகிற தம்பிகளுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். பட்டறையை மூடும்போதோ மெஷினை விற்கும்போதோ, மேஜைக்கு அடியில் சாக்கில் கிடக்கிற டேப்பர் சாமான்களைப் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்பர், காலெட் சக், ஸ்லீவ், ட்ரில் சக், போரிங் ஹெட் எல்லாவற்றையும்தான் சொல்கிறேன். போடுமுன் இந்த வட்டாரத்திலேயே நாலு பேரிடம் விசாரியுங்கள். வாங்க ஆள் இருக்கிறது. அந்த ஆள் உங்களைத் தெரியாமல் பாரிமுனையில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான்.

ஒரு காலெட் சக் ஒன்றரைக் கிலோ தேறலாம். எடைக்குப் போட்டால் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு கிடைக்கும். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோவில் இருப்பது வெறும் இரும்பு இல்லை. நல்ல அலாய் ஸ்டீலைக் கடைந்து, ஹார்டனிங் செய்து, டேப்பரை மைக்ரான் கணக்கில் கிரைண்டிங் செய்திருக்கிறார்கள். தராசுக்கு அதெல்லாம் தெரியாது. உலைக்குப் போய் உருகிக் கட்டுக்கம்பியாக வந்து யாரோ ஒருவர் வீட்டுக் கான்கிரீட்டுக்குள் புதைந்துவிடும். அதே சாமானைப் பக்கத்து ஊர்ப் பையன் புதிதாக வாங்க நினைத்தால், மெஷினுக்குக் கொடுத்த பணத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக டேப்பர் சாமானுக்கே கொட்ட வேண்டியிருக்கும். பழைய மில்லிங் மெஷின் வாங்கியவர்கள் பாதியில் சோர்ந்து போய் அதன்மேல் நெல் மூட்டையை அடுக்குவது இதனால்தான்.

நம் பக்கத்தில் மில்லிங் வேலைக்குப் பஞ்சமில்லை. பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 19-ஆம் நூற்றாண்டிலேயே நெல்லிக்குப்பத்துக்கு வந்துவிட்டது. 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியது. பிறகு கடலூர் சிப்காட் வந்தது. ஃபிட்டரும் டர்னரும் இந்த மண்ணில் தலைமுறையாக விளைகிறார்கள். கடலூர், சிதம்பரம் அரசு ஐ.டி.ஐ.களில் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் வேறு. முந்திரி உடைக்கிற மெஷினுக்கு பிளேடு இருக்கை, கரும்புச் சாறு மெஷின் ஷாஃப்டுக்குக் கீவே, மோட்டார் கப்ளிங், பவர் டில்லர் பாகம் என்று வேலை தானாக வந்து வாசலில் நிற்கும். இதற்கெல்லாம் கடலூருக்கு ஆட்டோவில் ஏற்றிப் போகாமல் ஊரிலேயே முடிக்க ஒரு சின்ன மில்லிங் மெஷின் போதும். அதன் மூக்கில் மாட்டுகிற சாமான்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது.

இனி தம்பிகளுக்குச் சொல்கிறேன். அண்ணன்மார் பொறுத்துக்கொள்ளுங்கள். தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

மெஷின் வாங்கப் போனால் எல்லாரும் முதலில் டேபிளை ஆட்டிப் பார்க்கிறார்கள். கியரை மாற்றிச் சத்தம் கேட்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் அதற்கும் முன்னால் குனிந்து ஸ்பிண்டில் மூக்கைப் பாருங்கள். அதற்குள் என்ன டேப்பர் இருக்கிறதோ அதுதான் அடுத்த இருபது வருஷத்துக்கு உங்கள் செலவைத் தீர்மானிக்கப் போகிறது. கிழக்கு பார்த்த வீடு, தெற்கு பார்த்த வீடு என்று பார்த்துப் பார்த்து வாங்குகிற ஊரில் மெஷினின் மூக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

வீட்டுப் பட்டறைக்கு வருகிற மெஷின்களில் பெரும்பாலும் மூன்று குடும்பத்து டேப்பர்தான் இருக்கும்.

முதலாவது மோர்ஸ். அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் 1860-களில் ட்ரில்லுக்காகக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் குறையும். இவ்வளவு ஒல்லியான சரிவு என்பதால் தட்டி ஏற்றினாலே பிடித்துக்கொள்ளும். லேத்தின் டெயில்ஸ்டாக்கில் இருப்பதும் இதுதான் என்பதால் எந்தப் பட்டறையிலும் பத்து உருப்படி கிடக்கும். ஆனால் ட்ரில்லுக்கான மோர்ஸும் மில்லிங்குக்கான மோர்ஸும் வேறு வேறு. ட்ரில் ஸ்லீவின் பின்னால் தட்டையான வால் இருக்கும். மில்லிங்குக்கு அந்த இடத்தில் உள்மரை வேண்டும், மேலிருந்து ட்ராபார் இறங்கிக் கவ்வுவதற்கு. வால் வைத்த அடாப்டரில் என்ட் மில் மாட்டி ஓட்டக் கூடாது. ட்ரில்லில் விசை நேர்மேலே தள்ளுகிறது, அதனால் டேப்பர் இறுகும். மில்லிங்கில் விசை பக்கவாட்டில் அடிக்கிறது, அதோடு கட்டரின் முறுக்குப் பள்ளம் கட்டரைக் கீழ்நோக்கி இழுக்கிறது. அதிர்வில் டேப்பர் கழன்று கட்டர் வேலைக்குள் பாயும். அப்போது ஜாபும் போகும், கட்டரும் போகும். விரல் தப்பினால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது ஆர் 8. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் கம்பெனி தன் டர்ரெட் மில்லிங் மெஷினுக்கென்று வைத்தது. 1938-ல் முதல் மெஷினை விற்ற கம்பெனி அது. அதைப் பார்த்துச் செய்த வெளிநாட்டுச் சின்ன மெஷின்களோடு ஆர் 8 இந்தியாவுக்கும் வந்தது. நல்ல டேப்பர்தான். அமெரிக்காவில் மலையாகக் கிடைக்கும். நம் ஊரில் பழசாகக் கிடைப்பது அபூர்வம். ட்ராபார் மரையும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. நம் கடைகளில் அந்த போல்ட் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஆர் 8 மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், கூடவே எத்தனை காலெட் தருகிறார் என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் விலையை இன்னும் குறைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் நமக்குப் புதையல். 24 மி.மீ. நீளத்துக்கு 7 மி.மீ. குறைகிற செங்குத்தான டேப்பர். அமெரிக்க மில்லிங் மெஷின் தயாரிப்பாளர்கள் 1920-களின் பிற்பகுதியில் இதற்கு வந்து சேர்ந்தார்கள். மோர்ஸ் போல இது தானாகப் பிடிக்காது. ட்ராபார்தான் பிடிக்க வேண்டும். சுழற்றுகிற விசையை மூக்கிலுள்ள இரண்டு கீ வாங்கிக்கொள்ளும். ட்ராபாரைத் தளர்த்தி லேசாகத் தட்டினால் கழன்று கையில் விழும். 1953-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யும், 1961-ல் அதே ஊரில் பெர்லின் ஃபிரிட்ஸ் வெர்னர் கூட்டில் தொடங்கிய பி.எஃப்.டபிள்யூவும் செய்த ஏகப்பட்ட மில்லிங் மெஷின்களில் இருக்கும் 40-ஆம் எண், 50-ஆம் எண் டேப்பர்களும் இதே சரிவுதான். சின்ன மெஷின்களில் 30-ஆம் எண் வரும்.

ஏன் புதையல் என்கிறேன்? இன்றைய சி.என்.சி. வெர்டிகல் மெஷினிங் சென்டர்களில் மாட்டுகிற பி.டி. 40 ஹோல்டரும் இதே சரிவு, இதே பெரிய முனை விட்டம்: 44.45 மி.மீ. நிமிஷத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் சுற்று ஓடுகிற மெஷினில் ஒரு ஹோல்டர் கொஞ்சம் ஆட்டம் கண்டாலும் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். 500, 800 சுற்றில் ஓடுகிற நம் மெஷினுக்கு அதே ஹோல்டர் ராஜபோகம். பின்னால் திருகியிருக்கிற புல் ஸ்டடைக் கழற்றினால் உள்ளே எம் 16 மரை இருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் செய்த 40-ஆம் எண் மெஷினின் ட்ராபார் மரையும் எம் 16. ஹோல்டர் விளிம்பிலுள்ள இரண்டு வெட்டுக்குள் மூக்கின் கீ இறங்கும்.

ஒரு இடத்தில் மட்டும் இடிக்கும். பழைய 40-ஆம் எண் ஆர்பருக்கு டேப்பர் முடிந்த பிறகும் வால் நீண்டிருக்கும், மொத்தம் 93.4 மி.மீ. பி.டி. 40-க்கு 65.4 மி.மீ. மட்டும். ஆக, உங்கள் ட்ராபார் 28 மி.மீ. எட்டாமல் மேலேயே நிற்கும். ஹோல்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ட்ராபாரைத் திருகுகிறீர்கள், திருகுகிறீர்கள், பிடிக்கவே பிடிக்காது. சைஸ் சேரவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். நம் ஊர் லேத்தில் ஈ.என். 8 கம்பியில் 28 மி.மீ. கூட்டி இன்னொரு ட்ராபார் கடைந்து, நுனியில் எம் 16 போட்டால் தீர்ந்தது. பழைய ட்ராபாரை எறிந்துவிடாதீர்கள். நீண்ட வால் ஆர்பர் கிடைக்கும்போது அது வேண்டும்.

ஹோல்டரில் எச்.எஸ்.கே. என்று எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். சின்னதாக, உள்ளே குடைந்ததாக, விலையும் சல்லிசாக இருக்கும். நம் மெஷினுக்கு எந்த வகையிலும் ஆகாது. கேட் 40 என்பது பார்க்க பி.டி. 40-ன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் பின்மரை 5/8 அங்குலம்.

இந்த மரை விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய இங்கிலீஷ் மெஷின்களிலும், அதைப் பார்த்துச் செய்த உள்நாட்டு மெஷின்களிலும் ட்ராபார் அங்குல மரைதான். 5/8 அங்குலம் என்பது 15.875 மி.மீ. எம் 16-க்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மரையின் பிட்ச் 2 மி.மீ.க்கும் 2.3 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம். 5/8 ட்ராபாரை எம் 16 ஹோல்டரில் விட்டால் இரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். பிடித்துவிட்டது என்று நினைத்து ஓட்டினால் கழன்று வரும். பலமாக முறுக்கினால் இரண்டு மரையும் போச்சு. மோர்ஸ் 3-ல் இது இன்னும் மோசம். அரை அங்குல உள்மரைக்குள் எம் 12 போல்ட் தொளதொளவென்று இறங்கி, மரையின் நுனிமட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். வாங்கப் போகும்போது உங்கள் ட்ராபாரையோ அதே மரையில் ஒரு போல்ட்டையோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். விரலால் திருகியே அடிவரை இறங்க வேண்டும்.

எங்கே தேடுவது? முதலில் பக்கத்திலேயே. புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள் நமக்கு ஒரு பஸ் தூரம். சி.என்.சி. வைத்திருக்கிற ஜாப் ஒர்க் கம்பெனிகளில் ஒதுக்கி வைத்த ஹோல்டர் டிரே ஒன்று நிச்சயம் இருக்கும். முதலாளியிடம் போய் நிற்பதைவிட டூல் கிரிப் பார்க்கிறவரிடம் பேசுங்கள். அவருக்குத்தான் எது ஏன் ஒதுக்கப்பட்டது என்று தெரியும். ஆனால் பில்லோ, முதலாளியின் சம்மதமோ இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பின்வாசல் வழியாக வருகிற ஹோல்டரின் விலை என்றைக்காவது ஒருநாள் ஸ்டேஷனில் கணக்காகும்.

நெய்வேலி போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் கழிவுகள் எம்.எஸ்.டி.சி. வழியாக மின் ஏலத்தில் போகின்றன. அதில் நீங்களும் நானும் நேராக நிற்க முடியாது. லாட் டன் கணக்கில் இருக்கும், முன்பணம் கட்ட வேண்டும், லாரி வைத்து அள்ள வேண்டும். பெரிய வியாபாரிகள் எடுத்துக் கிடங்கில் கொட்டிய பிறகுதான் நம் முறை. அந்தக் குவியலில் கை வைக்க அனுமதி வாங்கிவிட்டால் போதும். கிடங்குக்காரருக்கு டேப்பர் தெரியாது, எடை தெரியும். அவர் எடை விலையைவிட இரண்டு மூன்று மடங்கு கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். அடுத்த லாரி வரும்போது உங்களை நினைத்து எடுத்து வைப்பார்.

சென்னைக்குப் போனால் பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவும் சுற்றுத் தெருக்களும். அங்கே புதுசுதான் பெரும்பாலும். விலை தெரிந்துகொள்ள நல்ல இடம். புதுசின் விலை தெரியாமல் பழசுக்கு விலை பேசக் கூடாது. பழசுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள், நல்ல கம்பெனி ஹோல்டராக இருந்தால் பாதி. புதுப்பேட்டையைச் சொல்வார்கள், அது வண்டிப் பாகத்துக்கான இடம், டேப்பருக்கு அங்கே நேரம் வீண். அம்பத்தூரில் தெரிந்தவர் இருந்தால் உண்டு. கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் பழைய மெஷின் வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஸ்லீவுக்காக அவ்வளவு தூரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெஷினே வாங்கப் போனால், மெஷினோடு டூலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். விலை படிந்து கை கொடுப்பதற்கு முந்தின நிமிஷம்தான் அதைக் கேட்க வேண்டிய நேரம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது என்ன பார்ப்பது? வெர்னியரில் பெரிய முனையை அளந்தால் டேப்பர் எண் தெரியும்: மோர்ஸ் 2 என்றால் 17.78 மி.மீ., மோர்ஸ் 3 என்றால் 23.8, மோர்ஸ் 4 என்றால் 31.27. அளவு மட்டும் போதாது. 30-ஆம் எண்ணின் பெரிய முனை 31.75, மோர்ஸ் 4-க்கும் அதற்கும் அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை. போனில் அளவு கேட்டு வாங்கினால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். நீளமும் சேர்த்துக் கேளுங்கள், அல்லது பக்கவாட்டில் எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று ஒல்லி, ஒன்று குட்டையான கூம்பு. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

பளபளக்கிற டேப்பரைச் சந்தேகியுங்கள். கிரைண்டிங் செய்த டேப்பர் வயதானால் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும், பார்த்தால் நுண்ணிய கோடுகள் சுற்றிலும் ஓடும். கண்ணாடி போல மின்னினால், யாரோ லேத்தில் மாட்டி எமரி தாள் வைத்துத் துருவைத் தேய்த்திருக்கிறார்கள். எமரி சமமாகத் தேய்க்காது; கை அழுத்திய இடத்தில் பள்ளமாகும். துருப்பிடித்த டேப்பரைச் சுத்தம் செய்து வாங்கலாம், எமரி போட்ட டேப்பரை ஒன்றும் செய்ய முடியாது. ஊசிமுனைக் குழிகள் ஆங்காங்கே இருந்தால் பரவாயில்லை, குழி உள்ளே போகிறது. வெளியே தூக்கி நிற்கிற பிசிறுதான் ஆபத்து. நகத்தை டேப்பரின் மேல் நீளவாக்கில் ஓட்டினால் பிசிறு நகத்தில் தட்டும். அதை எண்ணெய்க் கல்லால் மட்டும் எடுக்க வேண்டும்.

பிறகு அரம். டேப்பரில் அல்ல, விளிம்பின் ஓரத்தில் ஒரு இழுப்பு. நல்ல ஹோல்டரில் அரம் வழுக்கும். வெண்ணெய் போல் கடித்தால் ஹார்டனிங் இல்லாத போலி. அது நாலு மாதத்தில் தன் வடிவத்தை இழப்பதோடு, உங்கள் ஸ்பிண்டிலின் உள் டேப்பரையும் கெடுத்துவிடும். ஸ்பிண்டிலைத் திரும்பக் கிரைண்டிங் செய்ய ஆகும் செலவில் நல்ல ஹோல்டர் ஒரு கூடை வாங்கலாம்.

கடைசிச் சோதனை வீட்டில்தான் முடியும். அதனால் ‘சேராவிட்டால் திருப்பித் தருவேன்’ என்று பேசி வாங்குங்கள். ஸ்பிண்டிலைத் துணியால் துடைத்து, ஹோல்டர் டேப்பரில் பிரஷ்யன் ப்ளூவை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லிசாகத் தடவி, ஏற்றி, ஒரு சின்னத் திருப்பு திருப்பி இறக்குங்கள். நீலம் டேப்பர் முழுக்க ஒரேமாதிரி கலைந்திருந்தால் யோகம். பெரிய முனைப் பக்கம் தொட்டு, சின்ன முனையில் கொஞ்சம் விட்டிருந்தால் வைத்துக்கொள்ளலாம். சின்ன முனை மட்டும் தொட்டால் திருப்பிக் கொடுங்கள். கட்டர் பக்கம் பிடிப்பே இருக்காது. அடுத்து நேரான ஒரு பின்னைப் பிடித்து டயல் வைத்துக் கையால் சுற்றுங்கள். மூக்கருகில் ஆட்டம் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் வீட்டுப் பட்டறைக்கு அதற்கு மேல் ஆசைப்பட வேண்டியதில்லை.

எதைப் பழசாக வாங்குவது, எதைப் புதுசாக வாங்குவது என்பதில் என் கட்சி இது: ஹோல்டர் பழசு, காலெட் புதுசு. சுவிட்சர்லாந்தின் ரெகோ ஃபிக்ஸ் 1970-களில் கொண்டுவந்த ஈ.ஆர். காலெட்தான் இப்போது எங்கும். ஈ.ஆர். 32 சக் ஒன்று இருந்தால் 20 மி.மீ. ஷாங்க் வரை எல்லாவற்றையும் பிடிக்கலாம். சக் காலத்துக்கும் வரும். காலெட் அப்படியில்லை. அதன் வெட்டுகள் விரிந்து சுருங்கி ஓய்ந்துபோகும், வாய் அகன்றுபோகும். உங்களிடம் இருக்கிற கட்டர்களின் சைஸுக்கு, 6, 10, 12, 16 என்று நாலைந்து மட்டும் புதுசாக வாங்குங்கள். முழு செட் அவசரமில்லை. காலெட்டைச் சக்கில் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். முதலில் காலெட்டைச் சாய்த்து நட்டுக்குள் அழுத்த வேண்டும், ‘டக்’ என்று உட்காரும், அதன்பிறகுதான் சக்கில் திருக வேண்டும். இல்லாவிட்டால் காலெட் வெளியே வராது, ஒருபக்கம் நசுங்கிப் புதுசும் பழசாகிவிடும். சைடு லாக் ஹோல்டர் கிடைத்தால் விடாதீர்கள். அதைப் பழசாக வாங்க யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். பக்கத்திலுள்ள ஸ்க்ரூ கட்டர் ஷாங்கின் தட்டையில் இறுகுவதால் எவ்வளவு முரட்டு வெட்டுக்கும் கட்டர் நழுவாது.

நம் பக்கத்துக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கடல்காற்று ஒருபக்கம், வெள்ளம் ஒருபக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழையில் தென்பெண்ணை பெருகியபோது எத்தனை பட்டறைக்குள் சேறு ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் கிடந்த டேப்பர் சாமானைப் பார்த்ததும் வெறுத்துப்போய் எடைக்குப் போட்டவர்கள் உண்டு. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். மேல்துருவுக்குக் கீழே டேப்பர் பிழைத்திருப்பது சகஜம். வெள்ளத்தில் கிடந்ததை விற்றால் அப்படியே சொல்லி விற்றுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆயுத பூஜைக்கு ஸ்பிண்டில் மூக்கிலும் ஆர்பர் டேப்பரிலும் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைக்கிறோம். ஈரச் சந்தனம் மூன்று நாள் இருந்தால் அடியில் பொட்டு அளவுக்குத் துரு. காய்ந்த குங்குமம் டேப்பருக்குள் போனால் ஹோல்டர் சரியாக உட்காராது. பொட்டை மெஷின் நெற்றியில், அதாவது ஹெட்டின் வார்ப்பில், வையுங்கள். சரஸ்வதி ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ஆயுத பூஜையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வருஷத்தில் அந்த ஒரு வாரம்தான் மேஜைக்கு அடியிலிருக்கிற சாக்கு வெளியே வருகிறது. துடைத்து அடுக்கும்போது ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: என்ன டேப்பர், என்ன மரை, எத்தனை உருப்படி, விற்கிறதா இரவல் தருகிறதா. மூடிய பட்டறையின் சாவி வைத்திருக்கிற வீட்டார்களுக்கும் இதையே சொல்லுங்கள். அப்பாவின் சாமானை எடைக்குப் போட மனசில்லாமல், என்ன செய்வதென்றும் தெரியாமல் வைத்திருக்கிறவர்கள் நம் ஒன்றியத்தில் பலர். தாளை உங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் கொடுத்து வைத்தால் போதும். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள், தேடி வருகிறவன் கட்டரும் போல்ட்டும் அங்கேதானே வாங்கப் போகிறான். விலையை நீங்களே போடுங்கள். நியாயமாகப் போடுவீர்கள் என்று தெரியும்.

தம்பிகளுக்கும் ஒரு கடமை உண்டு. வாங்கியதை வாங்கிய விலைக்கு மேல் வெளியூருக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தால் அடுத்த சாக்கின் முடிச்சை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். அண்ணன்மார் இரவல் கொடுத்தால் டேப்பரைத் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுங்கள்.

பயிற்சிக்கூடங்களிலும் அரசு பட்டறைகளிலும் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு கோரிக்கை. பழைய மில்லிங் மெஷினைக் கழித்து ஏலம் விடும்போது, அதன் ஆர்பர், ட்ராபார், காலெட் எல்லாவற்றையும் அதே லாட்டில் சேர்த்து விடுங்கள். மெஷின் ஒருவருக்கும் அதன் டேப்பர் சாமான் கழிவிரும்பு லாட்டில் இன்னொருவருக்கும் போவதால் இரண்டுமே வீணாகின்றன. சேர்த்து விட்டால் ஏலத் தொகையும் கூடும். கணக்கு அதிகாரிக்கும் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

என்னிடம் இருப்பதை முதல் தாளில் எழுதிவிட்டேன்: மோர்ஸ் 3 ஸ்லீவ் இரண்டு, மரை எம் 12, பி.டி. 40 சைடு லாக் ஒன்று, 20 மி.மீ. துளை, 40-ஆம் எண்ணிலிருந்து மோர்ஸ் 3-க்கு இறக்குகிற அடாப்டர் ஒன்று, அது இரவலுக்கு மட்டும். தேவை: 40-ஆம் எண் நீள ஆர்பர், 27 மி.மீ. தண்டு, ஸ்பேசர்களோடு. வால் வளைந்திருந்தாலும் பரவாயில்லை, வந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணாகிராமம் ஒன்றியத்து வீட்டுப் பட்டறைக்காரன் ஒருவன்